மேரிட புருசன் கீறின முதுகுகள்

போன கிழம ஒரு வெள்ளக்காரப் புள்ள எங்கட கடப்படியில வந்து நிண்டிச்சி. பொத்துவில் பக்கம் அலையில பலக ஓட்ட வாறதுகள்ல ஒண்டு. வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டி எங்கட ஊட்டுக்கு முன்னால நிண்டுட்டாம், ஒரு கிளாஸ் தண்ணி தரட்டாம். என்ட பேத்தி இங்கிலீசில எந்த நாடுண்டு கேட்டாள். புள்ள சொன்ன பேரக் கேட்டுப் பேத்தி முழிச்சாள். எனக்குண்டா கையில இரிந்த தேத்தண்ணி சாரத்துல ஊத்துப்பட்டுப் போச்சி. எஸ்தோனியா.

நான் எழும்பிப் போய், எங்கட தெரு முடியிற இடத்துல தெரியிற கடலக் கையால காட்டி, "மேரி" எண்டன்.

அந்தப் புள்ளைக்கு வாய் மூடல்ல. "மேரி! மேரி!" எண்டு அதுவும் கடலக் காட்டிக் குதிச்சிச்சி. மறுகா மளமளண்டு அவட பாசையில என்னென்னமோ கதைச்சா. நான் ரெண்டு கையயும் விரிச்சிக் காட்டினன். எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு சொல்லுத்தான் மகள், அதுக்கு மேல ஒண்டுமில்ல. கால்யு எண்டு ஒராள், படம் கீறுற, புத்தகம் எழுதுற, தெரியுமாண்டு பேத்தியக் கொண்டு கேப்பிச்சன். தெரியாண்டு தலய ஆட்டினா. அந்தாள் நாட்ட உட்டு வரக்குள்ள இந்தப் புள்ளட உம்மாவே பொறந்திரிக்க மாட்டா.

அண்டையில இருந்து பேத்தி என்னப் புடிச்சிக்கிட்டாள். "மூத்தப்பா, நீங்க பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல்ல, இது எங்க படிச்ச?" போகாம இல்ல, போனதான். வாத்தியார் பிரம்ப எடுத்தார், நான் யன்னலால பாஞ்சிட்டன், அதோட படிப்பு முடிஞ்சிச்சி. இப்ப நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுறாள். எழுத்துல பிழ இரிந்தா அவள்ட. கதையில பிழ இரிந்தா என்ட.

அந்தப் புள்ள பைய நோண்டக்குள்ள பாஸ்போட்டு வெளிய வந்திச்சி. அதுல அந்த நாட்டுப் பேர் அச்சடிச்சிக் கிடக்கிண்டு பேத்தி வாசிச்சிச் சொன்னாள். கால்யு இஞ்ச இரிந்த காலத்துல அப்புடி ஒரு நாடு இல்ல, ரஸ்யா முழுங்கிட்டு. இவர் இரிக்கிண்டு சொல்லுவார், பொலிசுல இல்லண்டு சொல்லுவாங்க. "அப்ப நீ ரஸ்யாக்காரன்" எண்டு ஒரு சார்ஜன் எழுதப் போய், கால்யு மேசயில கையால அடிச்ச அடியில மைக்கூடு பறந்து சார்ஜன்ட காக்கியில ஊத்துப்பட்டிச்சி. அண்டைக்கு அவரக் கூட்டி வாறத்துக்கு என்ட வாப்பா ஒரு பெரிய பாரக்குட்டி மீனோட ஸ்டேசனுக்குப் போனார். அது வேற கதை.

ஆள் நல்ல உசரம். நண்டு அவிச்ச மாதிரித் தோல். இடக் கையில ரெண்டு விரல் இல்ல, குளிருல உறைஞ்சி வெட்டினதாம். குளிருல விரல் போகுமா? எங்கட ஆக்கள் ஆரும் நம்பல்ல. களவெடுத்துக் கை வெட்டுப்பட்ட ஆள் எண்டுதான் முதல்ல கதை. கடற்கரையில வாப்பாட வல வைக்கிற வாடி ஒண்டு இரிந்திச்சி. அதுக்குள்ளதான் இரிந்தார். பொத்துவில்ல வெள்ளக்காரனுகள் கூடிப் போச்சாம், அவருக்கு அவங்களக் கண்டா ஆகா. ஏன் எங்கட கர எண்டு கேட்டா, "என்ட ஊர்ல சூரியன் கடலுக்குள்ள விழும். விழுறதப் பாத்துப் பாத்து அலுத்துப் போன. இஞ்ச கடலால எழும்புது" எண்டார்.

இந்தத் தமிழ் அவருக்குப் படிப்பிச்சது என்ட அலியார் மச்சான். என்ட ஒரே ராத்தாட, கூடப் பொறந்த அக்காட, மாப்பிள. ராத்தா சோறாக்கிக் குடுப்பா, மச்சான் கொண்டு போய்க் குடுப்பார், ரெண்டு பேரும் வாடிக்கு முன்னால இரிந்து மணிக்கணக்காக் கதைப்பாங்க. மச்சான் வயல் வேலக்காரன். ஆள் கட்ட, சிரிச்சா வெத்திலப் பல்லு முழுக்கத் தெரியும்.

வாடிக்குள்ள போனா முதல்ல மூக்குலதான் அடிக்கும். படம் கீறுற சாயத்துக்கு ஏதோ ஒரு எண்ணெய் வேணுமாம், அது கொழும்புலயும் கிடைக்கிறதில்லயாம். மச்சான் சொல்லிக் குடுத்தார், தோணிக்குப் பூசுற சுறா எண்ணெயக் கலக்குங்கண்டு. கலந்தார். மறுகா அவர்ட படமெல்லாம் சுறா மணம். பூனையள் வந்து வரிசைக்கு நிண்டு படத்த நக்கும். ஒருக்கா ஒரு கப்பல்ட பாதிய நக்கிட்டுதுகள். கால்யு பூனையப் பாத்து அவர்ட பாசையில ஏசுவார், மறுகா தமிழ்ல, "பேய்ப் பூனை, உனக்கு என்னடா விளங்கும்" எண்டுவார். மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பின்னேரத்துல கடலப் பாத்துக்கிட்டு "மேரி... மேரி..." எண்டு தனியக் கதைச்சிக்கிட்டு இரிப்பார். கண்ணால தண்ணி ஓடும். அதக் கண்டவங்க போய்த் தேத்தண்ணிக் கடையில சொன்னாங்க, மனிசன்ட பொஞ்சாதி மேரி உட்டுட்டுப் போயிட்டாள், அதான் பைத்தியம் எண்டு. அண்டைக்கு வச்ச பேர்தான், மேரிட புருசன். கடையில மச்சானக் கண்டா ஒவ்வொருத்தனும் கேப்பான்.

"என்ன அலியார், இண்டைக்கும் மேரி வரல்லயா?"

"வந்தா உனக்கென்னடா? நீ கலியாணம் பேசப் போறியா?"

"ஒரு மேரிக்கே இந்த அழுகையெண்டா, எங்கட மாமா ரெண்டு கட்டியிரிக்கார், அவர் எவ்வளவு அழணும்!"

மச்சான்தான் கடைசியில கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு வந்து சொன்னார், மடையனுகளே, மேரி பொம்புள இல்லடா, கடல் எண்டு. ஆரு கேக்குற? பேர் ஒட்டினது ஒட்டினதுதான்.

கீறின படமெல்லாம் ஒரே படம். கறுத்த கடல், ஒரு சின்னப் படகு, அதுக்குள்ள அடைஞ்சி கிடக்கிற சனம். எங்கட கடல் நீலமா முன்னால கிடக்க, இவர் கறுப்பக் கீறுவார். நான் கேட்டன், ஏன் உங்களுக்கு வேற படம் வராதாண்டு. அப்பதான் அந்த உலக யுத்தக் காலத்துக் கதையச் சொன்னார்.

"முதல் ஒரு ஆமி வந்த. மறுகா மத்த ஆமி வந்த. மறுகா முதல் ஆமி கிறுகி வந்த" எண்டார். முதல் வந்த ரஸ்யாக்காரன் இவர்ட நானாவப் புடிச்சிக் கையில துவக்கக் குடுத்தானாம். ரெண்டாவதா வந்தவன் இவரப் புடிச்சித் துவக்கக் குடுத்தானாம். ஒரு உம்மாட வயித்துப் புள்ளயள் ரெண்டு பேரும் ஆளுக்காள் எதிர்ப்பக்கம். நானா எந்தக் காட்டுல மௌத்தானாரெண்டு இவருக்குத் தெரியா, தான் சுட்ட வெடியில ஒண்டு அவருக்குப் பட்டுதோ எண்டும் தெரியா. முதல் ஆமி திரும்பி வரக்குள்ள கையில கிடைச்ச ஒரு மீன் படகுல ஏறி, கடலுக்கு அந்தப் பக்கம் இரிக்கிற நாட்டுக்கு ஓடியிரிக்கார். நடுக் கடல்ல ஏரோப்பிளேன் பதிஞ்சி வந்து சுட்டிச்சாம். வெடி பட்டு, கடல்தண்ணி பால் பொங்கிற மாதிரிப் பொங்கினதாம். இவருக்குப் பக்கத்துல ஒரு மனிசன் புள்ளய மடியில வச்சிருந்தாராம். தகப்பனுக்கும் புள்ளக்கும் ஒரே வெடி. ரெண்டு பேரயும் தூக்கிக் கடல்ல போட்டது கால்யுதான்.

"பாரம் இல்ல" எண்டார் எங்களப் பாத்து. "புள்ள பாரம் இல்ல."

மச்சான் எழும்பிப் போய் வெத்திலயத் துப்பிட்டு வந்தார். அதுக்குப் புறகு நான் படத்தப் பத்திக் கேக்கல்ல.

அதையேதான் புத்தகமாவும் எழுதினார். ரைப் அடிக்கிற மிசின் ஒண்டு வச்சிருந்தார், ஆனா அதுல அவர்ட பாசைக்கு வேண்டிய எழுத்து நாலஞ்சி இல்ல. எழுத்துக்கு மேல புள்ளி வரணுமாம். அடிச்சி முடிச்சிப் போட்டு, பேனய எடுத்து ஒவ்வொரு எழுத்துக்கு மேலயும் புள்ளி குத்திக்கிட்டு இரிப்பார். மச்சானுக்கு அது நல்லா விளங்கினிச்சி. "எங்கட ஓதுற எழுத்தும் அப்புடித்தான், புள்ளி மாறினாச் சொல்லே மாறிரும்" எண்டார். ஆர் வாசிக்கிற எண்டு கேட்டன். அவர்ட நாட்டுல அந்தப் புத்தகம் வச்சிரிந்தா சிறையில மறியலாம். இந்தத் தீவுல அந்தப் பாச தெரிஞ்ச மனிசன் அவர் ஒராள்தான். "பூனை நக்கும்" எண்டு சொல்லிச் சிரிச்சார்.

எனக்கு அப்ப மிசின் ஓட்டுற வேல. எங்கட பக்கத்துல மிசின் எண்டா உழவு மிசின், பின்னால பொட்டி கொழுவி நெல்லு ஏத்துற. இறக்காமத்துப் பக்கம் ஒரு வட்டையில, வட்டையெண்டா கண்ணுக்கெட்டின தூரத்துக்கு வயல், மச்சானும் இன்னும் நாலு பேரும் கூட்டாச் சேந்து வெட்டுவாங்க. ஆகலும் மூத்தவர் லெப்பைக் காக்கா, அவர்ட தம்பி, மறுகா சாய்ந்தமருதுப் பொடியனுகள் ரெண்டு பேர். வெட்டுக் காலத்துல அங்கயே வாடி போட்டுக் கிடப்பாங்க. கால்யு ஒருநாள் என்ட மிசின் மட்காட்டுல குந்திக்கிட்டு வந்தார், வயலக் கீறணுமாம். வந்து பாத்தா வயல உட்டுட்டு மனிசனக் கீறத் தொடங்கிட்டார்.

லெப்பைக் காக்கா கதிர் வெட்டுற தாக்கத்தியோட நிமிந்தார். "துரை, முகத்தக் கீறாத. நாளக்கி மறுமையில அதுக்கு உசிர் குடுக்கச் சொல்லுவான் அல்லாஹ். குடுப்பியா?"

கால்யு யோசிச்சார். "குடுக்க ஏலா" எண்டார்.

"அப்ப மூடி வை."

கால்யு எழும்பி, வரம்பச் சுத்தி நடந்து, அவங்களுக்குப் பின்னால போய்க் குந்தினார். "முதுகு?"

லெப்பைக் காக்காக்கு இது ஓதின இடத்துல சொல்லிக் குடுக்காத கேள்வி. தாடியச் சொறிஞ்சார். "முதுகு பரவால்ல போல."

மச்சான் குனிஞ்ச வாக்குல கத்தினார், "என்ட முதுக வடிவாக் கீறுங்க, பொஞ்சாதி பாக்கிற!"

நெல்லு காயப் போடுற என்ட பழைய படங்கு ஒண்டுலதான் அந்தப் படம். பாய் மாதிரி விரிச்சி, வெட்டு முடியுமட்டும் நாளுக்கு நாள் வந்து கீறினார். குனிஞ்சி வெட்டுற அஞ்சி பேர், எல்லாம் பின்பக்கம். முதுகு, இடுப்புக் கச்ச, தொட, கெண்டக்கால், குதி. நான் பாத்துட்டு நினைச்சன், மனிசன்ட காலுல இவ்வளவு இரிக்கா? நாங்க மனிசன முகத்தப் பாத்துத்தானே அடையாளம் வைக்கிற. அவர் ஒரு குதியில இரிக்கிற வெடிப்ப அரை நாளாப் பாத்துக்கிட்டு இரிந்தார். தம்பிக்காரர் வெளிப்பக்கமாச் சாச்சி மிதிக்கிற ஆள், அதுகூட அதுல இரிந்திச்சி. கறுத்த கடல் இல்லாம அவர் கீறினதுல நான் கண்டது அது ஒண்டுதான்.

அடுத்த போகத்துக்கிடையில நாடு பழுதாயிட்டு. றோட்டுல ஒவ்வொரு சந்தியிலயும் துவக்கோட ஒவ்வொருத்தன். ஆமியெண்டுவான், இயக்கமெண்டுவான், ஊர்க் காவலெண்டுவான். ராத்தா போக வேணாமெண்டு மச்சான்ட சாரத்தப் புடிச்சி இழுத்தா. "நெல்லு உதிந்துரும்கா, நாலு நாளையில வந்துருவன்" எண்டு சொல்லிட்டு மச்சான் போனார். நாலாம் நாள் காலத்தால நெல்லு ஏத்த நான் மிசினோட போனன். தூரத்துலயே புகை. வைக்கலுக்கு நெருப்பு வச்சிருக்காங்கண்டு நினைச்சன். கிட்டப் போகப் போக மணம் வேற.

பேத்தி, எழுத ஏலாட்டி உடு. எழுதுறண்டா நான் சொல்லுறபடி எழுது.

வாடி இல்ல. வைக்கல் கும்பி எரிஞ்சி அடியில புகைஞ்சிக்கிட்டுக் கிடக்கி. அதுக்குள்ள தல பக்கமாச் செருகி வச்சிருக்காங்க மனிசர. இடுப்புக்கு மேல கரி. கால் மட்டும் வாய்க்கால் பக்கம் நீட்டிக்கிட்டுக் கிடந்ததால எரியல்ல, சேத்துக்குள்ள. முதல்ல வெட்டி, மறுகா சுட்டு, மறுகா எரிச்சிருக்காங்க. வரம்புல ஒரு கை தனியாக் கிடந்திச்சி, தாக்கத்திய உடாமப் புடிச்சிக்கிட்டு. நாய் ஒண்டு கிட்ட வந்து வந்து போகுது. நான் அந்த நாய ஒரு கட்டையால அடிச்சன். அது செத்துப் போன புறகும் அடிச்சிக்கிட்டே நிண்டனாம். பக்கத்து வயல்காரர் வந்து கையப் புடிச்சித்தான் நிப்பாட்டினார். ஆர் செஞ்சதெண்டு இண்டைக்கும் எனக்குச் சரியாத் தெரியா, ஆளுக்கொரு பேர் சொல்லுவாங்க.

போனது அஞ்சி பேர். கிடந்தது நாலு மையத்து. அஞ்சாவது ஆளத் தேடினம். வாய்க்காலுக்குள்ள, பன்னுப் புல்லுக்குள்ள, அடுத்த வயல் வாடிக்குள்ள, ஒவ்வொரு பேராக் கூப்பிட்டுத் தேடினம். ஒரு சத்தமில்ல. நாலயும் பொட்டியில ஏத்தி, படங்கால மூடி, நான் மிசின ஓட்டிக்கிட்டு வந்தன். பள்ளத்துல விழக்குள்ள எல்லாம் பின்னால பலகையில தல முட்டுற சத்தம் கேக்கும். தலையே இல்லாம எரிஞ்சி போன ஆக்களுக்கு என்ன முட்டுற எண்டு கேக்காதீங்க. எனக்குக் கேட்டிச்சி.

தொழுற பள்ளி வளவுல இறக்கினம். ஊரே திரண்டு நிக்கி. தொழ வைக்கிற ஹசரத் சொன்னார், அநியாயமா வெட்டுப்பட்ட ஷஹீதுகள், குளிப்பாட்டத் தேவல்ல, உடுத்த உடுப்போட அடக்கலாம். ஆனா ஆரு ஆரெண்டு தெரியணும். "ஆருட பொஞ்சாதி இத்தாவுக்குப் போற, ஆருட பொஞ்சாதி காத்திரிக்கிற?" எண்டு கேட்டார். இத்தாவெண்டா, புருசன் மௌத்தானா பொஞ்சாதி நாலு மாசமும் பத்து நாளும் வெள்ள உடுத்து அறைக்குள்ள இரிக்கிற. அது முடிஞ்சாத்தான் அவள் வெளிய வரலாம், இன்னொரு மாப்பிள பாக்கலாம். புருசன் மௌத்தெண்டு உறுதியில்லாட்டி இத்தாவும் இல்ல.

பொம்புளயள ஒவ்வொராளாத் திரைக்குப் பின்னாலயிருந்து கூப்பிட்டுக் காலக் காட்டினாங்க. லெப்பைக் காக்காட பொஞ்சாதி வந்தா, பாத்தா, "இது என்ட ஆள் இல்ல" எண்டா. தம்பிட பொஞ்சாதி வந்து, இல்ல எண்டா. சாய்ந்தமருதால வந்த ரெண்டு உம்மாமாரும் இல்ல எண்டாங்க. ஒராள் பெத்த புள்ளட காலத் தொட்டுப் பாத்துப் போட்டு இல்ல எண்டா. எங்கட ராத்தா கடைசி. அவ கண்ண முழுசாத் தொறக்காமலே இல்ல எண்டா. நாலு மையத்து முன்னால கிடக்கி, அஞ்சி பொம்புளயும் என்ட ஆள் இல்ல எண்டுறாங்க. காணாமப் போன அந்த ஒராள் தன்ட ஆளா இரிக்கட்டுமெண்டுதானே ஒவ்வொருத்தியும் கேக்கிற. பள்ளிய நடத்துற மரைக்கார் தலயில கைய வச்சிட்டுக் குந்திட்டார். ஈ மொய்க்கத் தொடங்கிட்டு.

அந்த நேரம் கால்யு வாறார். தோளுல அந்தப் படங்குச் சுருள்.

"பள்ளி வளவுக்குள்ள படமா! வெளிய போ!" எண்டு மரைக்கார் எழும்பி நெஞ்சில கைய வச்சித் தள்ளினார். கால்யு விழுந்தார், சுருளயும் கட்டிப் புடிச்சிக்கிட்டு. பொடியனுகள் ரெண்டு மூண்டு பேர் உதைச்சானுகள். ஆரயாச்சும் உதைக்கணுமெண்டு காலையில இருந்து நிண்டவனுகள், அதுக்கு இந்த ஆள் அகப்பட்டார். மூக்கால ரத்தம். நான் விழுந்து மறிச்சன். "முகம் இல்ல, ஹசரத், அதுல ஒருத்தருக்கும் முகம் இல்ல!" எண்டு கத்தினன்.

ஹசரத் விரிக்கச் சொன்னார். விரிச்சம். அஞ்சி முதுகு. மச்சான்ட ஊத்தச் சாரம்கூட அப்புடியே.

கால்யு ஒரு வாளி தண்ணி கேட்டு, மையத்துக்கு முன்னால முழங்கால்ல நிண்டு, சேத்தக் கழுவினார். ஒரு காலக் கழுவுவார், படத்தப் பாப்பார், திரும்பக் காலப் பாப்பார். அவர்ட மூக்கு ரத்தம் அந்தத் தண்ணிக்குள்ள ஒழுகுது. "இது லெப்பைக் காக்கா" எண்டார். குதி வெடிப்பக் காட்டினார். திரைக்கு அங்கால ஒரு சத்தம் வந்திச்சி, ஆடு அறுக்கிற மாதிரி. "இது தம்பி." மத்தச் சத்தம். பொடியனுகள் ரெண்டு பேரயும் கெண்டக்காலப் பாத்தே சொல்லிப் போட்டார். நாலும் முடிஞ்சிச்சி. படத்துல மிச்சம் ஒரு முதுகு. அலியார் மச்சான்.

கால்யு என்னப் பாத்தார். நான் ராத்தாட பக்கம் பாத்தன். ராத்தா மண்ணுல தலய வச்சி, அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி, சுக்ருக்கு சுஜூது செஞ்சா. நாலு பொம்புள நெஞ்சில அடிச்சிக் கதறக்குள்ள, அவங்களுக்கு நடுவுல இவ சிரிச்சிக்கிட்டு எழும்பினா. "என்ட மாப்பிள உசிரோட இரிக்கார்!" எண்டா. அந்த நாலு ஊட்டாக்களும் கன காலம் எங்களோட முகம் குடுத்துக் கதைக்கல்ல. நான் குறை சொல்லல்ல.

அடக்கி முடிஞ்ச கையோட எங்கட பொடியனுகள், இது தமிழ் இயக்கத்து வேலதானெண்டு, பொல்லும் வாளும் எடுத்துக்கிட்டுப் பக்கத்துத் தமிழூருக்குப் போனானுகள். பத்தினது எத்தின ஊடெண்டு எனக்குத் தெரியா, புகை மட்டும் இஞ்சயிருந்து தெரிஞ்சிச்சி. அங்கயும் ஒரு வளவுக்குள்ள இப்புடிப் பொம்புளயள் நிண்டிருப்பாளுகள், காலப் பாத்துக்கிட்டு.

ரெண்டு மூண்டு நாளால கால்யு அந்தப் படத்தக் கத்தியால வெட்டினார். நானும் கூட நிண்டன். ஆளுக்கொரு முதுகா நீட்டு நீட்டா அஞ்சி துண்டு. நாலு ஊட்டுக்கும் நானே கொண்டு போய்க் குடுத்தன். முகமில்லாததால ஒருத்தரும் ஹறாமெண்டு சொல்லல்ல. அஞ்சாவதச் சுருட்டிக் கையில வச்சிக்கிட்டு கால்யு ராத்தாட்ட வந்தார்.

"எனக்கென்னத்துக்குத் துரை படம்?" எண்டா ராத்தா கதவு மறைவுல நிண்டு. "மௌத்தானவங்க ஊட்டுக்குத்தானே குடுத்த. எனக்குத்தான் ஆள் வருமே."

ராத்தா உடாமக் கேட்டா. "நீங்களும் ஊர உட்டுட்டுப் போன ஆள்தானே. சொல்லுங்க, போன ஆக்கள் திரும்பி வாறயா?"

அப்பதான் எனக்கே தெரிய வந்திச்சி, மனிசனுக்கு மெய்யாவே ஒரு பொஞ்சாதி இரிந்தாவெண்டு. அவ அடுத்த படகுல வாறதா இரிந்ததாம். அடுத்த படகு வரல்ல. கரையில சனத்த மறிச்சிட்டாங்க. அவ அங்க கன வருசம் பாத்துக்கிட்டு இரிந்திட்டு, இவர் கடல்ல மௌத்தெண்டு அரசாங்கத்துல எழுதிக் குடுத்துப் போட்டு, வேற கலியாணம் முடிச்சாவாம். "அங்க நான் மையத்து" எண்டார் கால்யு. நெஞ்சத் தட்டிக் காட்டினார். "மையத்து இஞ்ச வந்து மீன் தின்னுது."

"நீங்க ஏன் போகல்ல?" எண்டா ராத்தா. அவவுக்குக் கோவம் வந்திட்டு. "கட்டின பொம்புள பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள நீந்தியெண்டாலும் போகலாமே!"

கால்யு தமிழ் தேடினார். வாயத் தொறக்கிறதும் மூடுறதும். "வாற ஆசை இரிக்கி" எண்டார். "வாற வழி இல்ல."

ராத்தா முதல் பாதியத்தான் எடுத்துக்கிட்டா. "கேட்டியாடா? வாற ஆசை இரிக்காம்" எண்டு என்னட்ட நாலு தரம் சொன்னா.

கால்யு அந்த மாசமே வெளிக்கிட்டார், இனி ரத்தத்தக் கீற ஏலாண்டு. பஸ்ஸுல ஏத்தி உட்டது நான். ரைப் மிசினும், மச்சான்ட முதுகும் கக்கத்துல. "இது என்ட ஊட்டுல தொங்கும்" எண்டார். எந்த ஊட்டுலெண்டு நானும் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல. அதோட ஆள் இல்ல. கறுத்த கடல் படம் கொஞ்சம் வாடிக்குள்ள கிடந்திச்சி, பூனையும் மழையும் திண்டு முடிச்சிட்டுதுகள்.

லெப்பைக் காக்காட பொஞ்சாதியும் தம்பிட பொஞ்சாதியும் இத்தா இரிந்து எழும்பினாங்க. ஒராள் திரும்பக் கலியாணம் முடிச்சி ரெண்டு புள்ளயும் பெத்தா. நாங்க மச்சானத் தேடாத கேம்பு இல்ல. ராத்தாக்கு நல்ல இடத்துல இருந்து பேச்சு வந்திச்சி. ஹசரத் மார்க்கக் கிதாபப் பாத்து, கன வருசமாயிட்டு, காதியாரிட்டச் சொல்லி அவர மௌத்தெண்டு எழுதிப் போடலாம், இத்தா இருங்கண்டார். வாப்பா அழுது கேட்டார். "உசிரோட இரிக்கிற மனிசனுக்கு நான் வெள்ள உடுக்கிறயா? அவர் வந்து பாத்தா என்ன நினைப்பார்?" எண்டுட்டா. மச்சான்ட சாரத்தப் பெருநாளைக்குப் பெருநாள் எடுத்துத் தோச்சிக் காயப் போடுவா. சனம் சிரிச்சிச்சி. மறுகா சிரிக்கிறத்துக்கும் அலுத்துப் போச்சி.

எங்கட பக்கத்துல ஊடு பொம்புளப் புள்ளைக்குத்தான். மாப்பிள அந்த ஊட்டுக்கு வாற. ஆம்புளைக்குத் தன்ட ஊடெண்டா பொஞ்சாதிட ஊடுதான், வேற இல்ல. வாப்பா ராத்தாக்குக் கட்டிக் குடுத்த ஊடு கடல்ல இருந்து நாலாவது வளவு. அதத் திருத்திக் கட்டக் கேட்டாலும் ராத்தா உடமாட்டா, வாசல் மாறினா அவருக்கு அடையாளம் தெரியாதாம்.

மறுகா சுனாமி வந்திச்சி. அதப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லத் தேவல்ல, நீங்க எல்லாரும் டிவியில பாத்திருப்பீங்க. ராத்தாவ ஒரு வேம்பு மரத்துல இருந்து இறக்கினம். அந்த நாலு ஊட்டுல தொங்கின முதுகு நாலும் போச்சி, சனமும் பாதி போச்சி. எங்கட கரையில வளவு எது தெரு எது எண்டு தெரியாம வெறும் மண் மேடு. ராத்தாட ஊடு நிண்ட இடத்துல ஒரு கிணத்து வளையம் மட்டும். அவ அதுக்குப் பக்கத்துல போய் நிண்டு நாலு பக்கமும் சுத்திப் பாத்தா. அழல்ல. மறுகா என்னோட பள்ளிக்கூடத்துக்கு வந்தா, அங்கதான் சனத்த வச்சிருந்தாங்க.

அங்க உடுப்புக் குடுத்துக்கிட்டு நிண்ட பொடிச்சிட்டப் போய், "புள்ள, எனக்கொரு வெள்ளப் பொடவ தாகா" எண்டா.

எனக்கு விளங்கல்ல. "என்னத்துக்கு ராத்தா?"

"இத்தாவுக்குடா."

"ஆருக்கு?"

என்னப் பாத்தா, நான் ஒரு மடையன் எண்ட மாதிரி. "ஊடு இல்லயேடா தம்பி. இனி அவர் எந்த ஊட்டுக்கு வாற?"

வகுப்பறைட ஒரு மூலையில சாரியக் கட்டி மறைச்சிக் குடுத்தம். நாலு மாசமும் பத்து நாளும் அதுக்குள்ள இரிந்தா. பக்கத்துல இரிந்த பொம்புளயள் சாரிக்கு அங்காலயிருந்து கேப்பாளுகள், உங்கட ஆள் கடல்லயா போனார் எண்டு. சுனாமியண்டைக்கு மௌத்தானதுக்குத்தான் இருக்காவெண்டு அவங்கட நினைப்பு.

"ஓம்கா" எண்டுவா ராத்தா. "கடல்லதான்."